தானாக இறுகிய பிரேக்

"செயினப் பாருங்க, துணி காயப் போடுற கொடி மாதிரி தொங்குது. இதப் போயி நல்ல வண்டின்னு..."

"யோவ், மேடு பள்ளத்துல ஓடுற வண்டிய்யா இது. பின்சக்கரம் ஒரு முழம் மேலயும் கீழயும் போயிட்டு வரும். செயின் தளர்வா இல்லன்னா அறுந்து..."

"அறுந்து போகாம இப்ப என்ன வாழுதாம்? ஃபோர்க்குல எண்ண ஒழுகுது, எஞ்சின்ல..."

"எங்க ஒழுகுது? காட்டு! எங்க ஒழுகுதுன்னு காட்டிட்டுப் பேசு!"

"காட்டணும்னு எனக்கு என்ன தலையெழுத்தா? இருபது வருஷமா லிஃப்ட் ரிப்பேர் பாக்குறவன் நான். ஒரு மெஷின் மூச்சு விடுறத வச்சே..."

"இது இன்னும் மூச்சே விடல! ஸ்டார்ட்டே பண்ணலய்யா!"

இரண்டு பேருக்கும் நடுவே முன்சக்கரத்தை ஒட்டிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தவள், தலையை நிமிர்த்தாமலே ஃபோர்க்கின் அடிப்பக்கத்தை வெள்ளைக் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்தாள். தூசி வந்தது, எண்ணெய் வரவில்லை. மறுபக்கத்தையும் துடைத்தாள். அங்கும் தூசிதான். கைக்குட்டையைப் பார்த்தாள். பிறகு, எண்ணெய் ஒழுகுகிறது என்று அடித்துச் சொன்ன தன் அக்கா வீட்டுக்காரரைப் பார்த்தாள்.

அவர் பார்வையை ஷெட்டின் கூரைக்கு மாற்றிக்கொண்டார்.

அலுவலகத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். நேரே சொல்ல மாட்டார்கள், அவள் அந்தப் பக்கம் போனதும் சொல்வார்கள். அது நீரளவை அலுவலகம். மலைப் பாதைகளில் பதினோரு இடத்தில் மழைமானி வைத்திருக்கிறார்கள். வாரம் இருமுறை ஒருவர் ஏறி இறங்கி அளவுகளைக் குறித்து வருவார். ஜன்னல் இல்லாத ஓர் அறையில் உட்கார்ந்து, அந்த அளவுகளைக் கணினியில் ஏற்றுவது மூன்று வருடமாக அவள் வேலை. போன மாதம் ஒரு நாள், பதினோரு மானிகளிலும் ஒரு புள்ளி பிசகாமல் ஒரே அளவு மழை பெய்திருந்தது. "மழை என்ன, டம்ளர்ல அளந்து ஊத்திட்டுப் போச்சா?" என்று கேட்டபடி அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு அதிகாரி முன்னால் போய் நின்றாள். விசாரித்தால், அளவு எடுக்கிறவர் ஆறு மாதமாக மலைப்பக்கமே போகவில்லை. அடிவாரத்து டீக்கடையில் உட்கார்ந்தே மழை பெய்வித்திருக்கிறார்.

"கண்டுபிடிச்சது நீங்க. இனிமே ஏறி எறங்குறதும் நீங்களே செய்யலாமே?" என்றார் அதிகாரி. அவர் விளையாட்டாகக் கேட்டாரா, நிஜமாகக் கேட்டாரா என்று யோசிக்க அவள் நேரம் கொடுக்கவில்லை, உடனே சரி என்றுவிட்டாள். அடுத்தவர் பார்த்த மழையை எழுதி எழுதி அலுத்திருந்தது. ஒரே ஒரு நிபந்தனை. கல்லும் மண்ணும் ஏறக்கூடிய சொந்த வண்டியைத் திங்கட்கிழமை காலையில் கொண்டுவந்து காட்டவேண்டும். காட்டாவிட்டால் வரிசையில் அடுத்ததாக நிற்கிறவருக்கு வேலை போய்விடும். அவரிடம் ஜீப் இருக்கிறது.

இன்று சனிக்கிழமை.

புது வண்டி அவள் கைக்கு எட்டாது. இரண்டு வாரமாகப் பார்த்த பழைய வண்டிகளில் ஒன்றுக்கு எஞ்சின் புகைந்தது, ஒன்றுக்குச் சட்டம் வளைந்திருந்தது. மூன்றாவதை விற்க வந்தவனின் முகமே வளைந்திருந்தது. நேற்றிரவு கைபேசியில் இந்த விளம்பரம் கண்ணில் பட்டது. சாம்பல் நிற வண்டி, பின்னால் தார்ப்பாய்ச் சுருள்கள். பாதி நாள் ரோட்டிலும் பாதி நாள் காட்டிலும் ஓட்டுவதற்கென்றே செய்த வண்டி. மாமா வந்தால் நன்றாக இருக்கும் என்று அக்கா சொன்னாள். வீட்டில் மிக்ஸி நின்றாலும், பக்கத்து வீட்டில் பம்ப் நின்றாலும், மாமா சொன்னால்தான் அக்காவுக்கு நம்பிக்கை.

"நாளைக்குப் போலாமே, பாப்பா?" என்று இன்று விடிந்ததும் கேட்டார் மாமா. அவளுக்கு முப்பத்திரண்டு வயதானாலும் அவருக்கு அவள் பாப்பாதான்.

"நாளைக்கு ஞாயித்துக்கெழமை மாமா. எங்கயாச்சும் லிஃப்ட் நின்னுடுமே!"

அது அந்த வீட்டின் பழைய வேடிக்கை. இந்த ஊரில் லிஃப்டுகளுக்கும் ஞாயிற்றுக்கிழமைதான் விடுமுறை, காலை ஆறு மணிக்கெல்லாம் ஏதாவது ஒன்று நடுவில் நின்றுவிடும், இவரும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார் என்று அக்கா சொல்லிச் சிரிப்பாள்.

ஆக, இன்று காலை எட்டு மணிக்கே வந்தார்கள். பேருந்தில் வரும்போது மாமா நன்றாகத்தான் பேசிக்கொண்டு வந்தார். இறங்கி, பூட்டுக்கடையைத் தாண்டி, தார்ப்பாய்க் கடை இருக்கும் சந்தில் திரும்பியதும் பேச்சு நின்றது. ஷெட்டின் கதவு திறந்து வண்டி தெரிந்ததும், கிட்டக்கூடப் போகாமல், "இது தேறாது, வா போலாம்" என்றார். அவளுக்கு மூக்கு வியர்த்தது அப்போதுதான்.

பார்க்காமலே தேறாது என்று சொல்ல இவருக்கு எப்படித் தெரியும்?

அவள் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். முதல் வேலை, எஞ்சினைத் தொட்டுப் பார்ப்பது. விற்கிறவன் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால், காலையில் எழும்ப மறுக்கிற வண்டி என்று அர்த்தம். தொட்டாள். சில்லென்று இருந்தது. ஒரு சின்ன ஸ்பானரால் ஸ்போக்ஸ் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டினாள். இரண்டைத் தவிர எல்லாம் கணீரென்றன. பல்சக்கரத்தின் பற்கள் தேய்ந்து கொக்கி போல வளையவில்லை. அடித்தகட்டில் கல் அடித்த பள்ளங்கள் இருந்தன. இருக்கத்தானே வேண்டும்? காட்டு வண்டியின் வயிறு வழுவழுவென்று இருந்தால்தான் சந்தேகப்படவேண்டும்.

"ரெண்டு ஸ்போக்ஸ் லூஸா இருக்கு" என்றாள்.

"ரெண்டா?" மாமா பாய்ந்தார். "ரெண்டு லூஸுன்னா சக்கரமே போச்சுன்னு அர்த்தம்."

"திருகி முறுக்கினா முடிஞ்சிது" என்றார் தார்ப்பாய்க்கடைக்காரர். கட்டையான மனிதர். காதில் பென்சில், கை முழுக்கத் தையல் நூல். "ஏம்மா, இவர் யாரு? வண்டி பாக்க வந்தாரா, வண்டிக்குக் காரியம் பண்ண வந்தாரா?"

"எங்க அக்கா வீட்டுக்காரர்."

"ஓகோ" என்று மாமாவை மேலும் கீழும் பார்த்தார் கடைக்காரர். "அக்கா வீட்டுக்காரரா? நல்லா இருங்க."

அந்த "நல்லா இருங்க" அவளுக்குப் பிடிக்கவில்லை. அதில் ஏதோ குத்தல் இருந்தது. முன்பின் தெரியாத இரண்டு பேர், பத்தே நிமிடத்தில் இப்படிப் பங்காளிச் சண்டை போடுவார்களா?

"ஆர்.சி. புக் எங்கங்க?" என்று கேட்டாள்.

கடைக்காரரின் கண் ஒரு நொடி மாமா பக்கம் போய்த் திரும்பியது. "புக்கு ஓனர்கிட்ட இருக்கு. நான் வண்டிக்கு எடம் குடுத்து வச்சிருக்கவன்தான். தையல் மெஷின் ஒண்ணு பெருசா வருது, எடம் பத்தல. எடுத்துட்டுப் போன்னு மூணு தடவ சொன்னேன். வித்துத் தொலைன்னான். விக்கிறேன்."

"கேட்டியா?" என்றார் மாமா, வெற்றிக் குரலில். "புக் இல்ல. திருட்டு வண்டி. வா பாப்பா, போலாம்."

"திருட்டு வண்டியா? என் வாயில நல்லா வந்துடும், ஆமா! அந்த வார்த்தைய நீ சொல்றியா?"

"ஏன், நான் சொன்னா என்ன?"

"ஒண்ணுமில்லப்பா. சொல்லு சொல்லு. இன்னும் நாலு சொல்லு."

கடைக்காரர் கோபத்தில் வண்டிமேல் ஏறி உட்கார்ந்து கிக்கரை உதைத்தார். வண்டி இருமியது. மறுபடி உதைத்தார், மறுபடியும் இருமியது. ஐந்தாவது உதையில் கிக்கர் திருப்பி அடிக்க, "அம்மா" என்று கணுக்காலைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்தியா, இதுக்கு உசுரே இல்ல" என்று சொல்லவேண்டிய இடம் அது. வண்டியை மட்டம் தட்ட இதைவிட நல்ல வாய்ப்பு மாமாவுக்குக் கிடைக்காது. ஆனால் அவர் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே! பெற்ற பிள்ளை மேடையில் பாட்டை மறந்து நிற்பதைப் பார்க்கிறவர் மாதிரி இருந்தார். ஆறாவது உதையும் வீணானதும் அவருக்குப் பொறுக்கவில்லை.

"எறங்குங்க, எறங்குங்க. இப்படி உதைச்சா எந்த வண்டி எழுந்திரிக்கும்?"

ஏறினார். குனியாமலே இடது கையைப் பெட்ரோல் தொட்டிக்கு அடியில் விட்டு எதையோ திருப்பினார். வலது காலால் ஃபுட்ரெஸ்டை மேலே மடக்கினார். அதை மடக்காவிட்டால் கிக்கர் முழுதாகக் கீழே இறங்காதாம், அவளுக்கு அது அப்போதுதான் தெரிந்தது. சோக்கைப் பாதி இழுத்தார். கிக்கரை மெதுவாக ஒருமுறை அழுத்தி, நிறுத்தி, பிறகு ஒரே உதை.

வண்டி எழுந்தது. தடதடவென்று சீராக, ஒரு பிசிறு இல்லாமல்.

மாமா முகத்தில் ஒரு சிரிப்பு வந்துவிட்டது. அவள் பார்ப்பதைக் கண்டதும் அதைச் சட்டென்று விழுங்கிக்கொண்டு, "சத்தம் சரியில்ல" என்றார்.

"எனக்கு நல்லாத்தான் கேக்குது மாமா."

"உனக்கு என்ன தெரியும்?"

"எனக்குத் தெரியாது. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது, ஃபுட்ரெஸ்ட மடக்கணும்னு?"

"எல்லா வண்டிக்கும் அதானே" என்றார். கடைக்காரர் கணுக்காலைத் தேய்த்தபடி மேலே பார்த்து, "ஆமா ஆமா, எல்லா வண்டிக்கும் அதான்" என்றார்.

அந்த நேரம் பார்த்து வீட்டுப் பக்கத்திலிருந்து கடைக்காரரின் மனைவி டீ கொண்டுவந்தாள். தட்டில் இரண்டு கண்ணாடி டம்ளர், ஒரு எவர்சில்வர் டம்ளர். கண்ணாடி டம்ளரை இவளிடம் நீட்டி, "சக்கர பத்துதா பாருங்க" என்றாள். எவர்சில்வர் டம்ளரை, ஒரு வார்த்தை கேட்காமல், "சக்கர போடாதது" என்று மாமா கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

மாமா சர்க்கரை சேர்க்க மாட்டார். மூன்று வருடமாக. அது வீட்டார் நான்கு பேரைத் தவிர யாருக்குத் தெரியும்?

ஆக, இவர்கள் இரண்டு பேரும் தெரிந்தவர்கள்! கமிஷனா? தன் சொந்த மச்சினியிடமா? ஆனால் கமிஷன் வாங்குகிறவர் வண்டியைத் தலையில் தூக்கி வைத்து ஆடவேண்டும். இவரோ வந்ததிலிருந்து வண்டிமேல் மண்ணை வாரிப் போடுகிறார். வேறு யாருக்கோ பேசி வைத்திருக்கிறாரா? என்னை விரட்டிவிட்டுச் சாயங்காலம் அந்த ஆளுக்குக் கொடுக்கப் போகிறார்களா? பதினோரு மானியிலும் ஒரே மழை பெய்ததைப் பார்த்தபோது உடம்பில் ஓடிய அதே சில்லிப்பு இப்போதும் ஓடியது. எண்கள் பொய் சொன்னால் அவளுக்குக் கோபம்தான் வரும். இப்போது கோபத்தோடு வலியும் வந்தது.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் காகிதத்தில் பாக்கி இருந்த கடைசி வரிக்குப் போனாள். ஹேண்டில் பாரை முழுக்க வலதுபக்கம் திருப்பி, அது முட்டி நிற்கிற இடத்தில் டார்ச் அடித்தாள். சட்டத்தில் ஒரு சின்ன இரும்பு முட்டு. இடதுபக்கத்து முட்டு சதுரமாக இருந்தது. வலதுபக்கத்து முட்டு நசுங்கி, மேலே புதுப் பெயிண்ட் பூசியிருந்தது.

"இது எப்படி நசுங்குச்சு?"

மாமா டீயை உறிஞ்சுவதை நிறுத்தினார்.

"கீழ விழுந்துருக்கு. ஒரே ஒரு தடவ" என்றார் கடைக்காரர். "கேட்டீங்க, சொல்றேன். மறைக்கல. பெருசாத்தான் விழுந்துது. ஆனா வண்டி மேல தப்பில்லம்மா. சரளைக்கல்லு எறக்கம். ஓட்டினவனுக்குத் திடீர்னு பயம் வந்துடுச்சு. முன் பிரேக்கக் கெட்டியா இழுத்துப் புடிச்சிட்டான். சரளைல முன் பிரேக்கப் புடிச்சா எந்த வண்டிதான் நிக்கும்? சக்கரம் வழுக்கி..."

"புடிக்கல!"

அந்தச் சத்தத்தில் தார்ப்பாய்ச் சுருள்மேல் உட்கார்ந்திருந்த பூனை இறங்கி ஓடியது.

"யாரு புடிச்சா? நான்... ஓட்டினவன் புடிக்கவே இல்ல! தானா இறுகிச்சு! பேய் அறைஞ்ச மாதிரி தானா இறுகிச்சு!"

சொல்லிக்கொண்டே வலது கையைக் காற்றில் நீட்டி, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். முதலில் சுண்டுவிரல், கடைசியில் ஆள்காட்டி விரல்.

அந்தக் கையை அவள் எத்தனை தடவை பார்த்திருக்கிறாள்! வீட்டுக்கு யார் வந்தாலும், சாப்பாடு முடிந்ததும் இந்தக் கதை வரும். நான்கு வருடத்துக்கு முன்னால் மாமாவிடம் சிவப்பு நிறத்தில் ஒரு வண்டி இருந்தது. அக்காவைப் பின்னால் உட்காரவைத்து அணை பார்க்கக் கூட்டிப்போனார். இறக்கத்தில் பிரேக் பேய் அறைந்த மாதிரி தானாக இறுகிவிட்டது. அக்காவின் மணிக்கட்டில் இப்போதும் இரும்புத் தகடு இருக்கிறது. அன்றைக்கே அந்தச் சனியன் பிடித்த வண்டியைத் தூள் தூளாக உடைத்துப் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று. அந்தக் காசில் வாங்கியதுதான் பெரிய குக்கர். குக்கர் விசில் அடிக்கும்போதெல்லாம் அக்கா சொல்வாள்: "கத்துது பாருங்க உங்க வண்டி!" எல்லாரும் சிரிப்பார்கள். மாமாவும் சிரிப்பார்.

அப்போது அவள் வேறு ஊரில் படித்துக்கொண்டிருந்தாள். சிவப்பு வண்டியைப் புகைப்படத்தில் பார்த்ததோடு சரி.

அவள் குனிந்து, தொட்டியின் அடிவிளிம்பில் நகத்தால் சுரண்டினாள். சாம்பல் நிறத்துக்குக் கீழே சிவப்பு எட்டிப் பார்த்தது.

கடைக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "போதும்ப்பா. எனக்கும் நடிச்சு நடிச்சுத் தொண்ட வறண்டுபோச்சு. ஏம்மா, ஞாயித்துக்கெழமையானா வந்து எடுத்துட்டுப் போவான். ஒம்பது மணிக்குக் கொண்டாந்து விட்டுட்டு, தொடைச்சிட்டு, டீ குடிச்சிட்டுப் போவான். வேற ஒரு தப்பும் இல்ல."

"லிஃப்ட் ரிப்பேர்" என்றாள் அவள்.

"அப்படித்தான் சொல்றதா சொன்னான்."

"பாப்பா..." மாமாவின் குரல் இறங்கிவிட்டது. "உங்கக்காவுக்கு வண்டின்னாலே ஆகாது. உடைச்சாச்சுன்னு சொன்னாத்தான் தூங்குவேன்னுட்டா. நான் உடைக்கலாம்னுதான் கொண்டாந்தேன். மனசு வரல. நீ வேற வண்டி பாரு. நான் லீவு போட்டுட்டு வந்து பாத்துத் தர்றேன்."

"நாளன்னைக்குக் காலைல கொண்டுபோய்க் காட்டணும் மாமா."

"அதுக்காக இதையா?"

"ஏன், இதுல என்ன? பிரேக் தானா இறுகுமா?"

அவர் தார்ப்பாய்ச் சுருள்மேல் போய் உட்கார்ந்தார்.

"நான் அவுத்துப் பாத்தேன்" என்றார் கடைக்காரர். "அன்னைக்கு சரளைலேர்ந்து தூக்கிட்டு வந்தவனே நான்தானே? பிரேக்குல ஒரு கோளாறும் கெடையாது."

"நீங்க விக்கிறவரு. நீங்க அப்படித்தான் சொல்லுவீங்க."

அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியை வெளியே எடுத்தாள். சந்து முடிகிற இடத்தில் கால்வாய்க்கரை. கரை முழுக்க உடைந்த செங்கலும் சரளையும். வேகம் எடுத்து முன் பிரேக்கை இரண்டு விரலால் மெல்ல அழுத்தினாள். நின்றது. திரும்பி வந்து, மறுபடி. ஒவ்வொரு தடவையும், லீவரை விட்டதும் சக்கரம் தளர்ந்து உருண்டது. பத்து தடவை நின்றது, பத்து தடவையும் சொன்னபடி கேட்டது. வண்டி அவள் இடுப்புக்குக் கீழே, பழகிய மாடு மாதிரி வளைந்து கொடுத்தது. ஆசை வந்துவிட்டது என்று அவளுக்கே தெரிந்தது. ஆசை வந்த பிறகுதான் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும்.

பத்து தடவை சரியாக இருந்ததை நம்பி அவள் எப்போதும் எதையும் ஏற்றுக்கொண்டதில்லை. ஏழாவது மானிக்குப் போகும் பாதையில் ஒருபக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை, வெறும் காற்று. அங்கே பதினோராவது தடவை இது தானாக இறுகினால்? கடைக்காரருக்கு இடம் காலியாகவேண்டும். இந்த மாதிரி வண்டிகள் நல்லவை என்று இணையத்தில் எழுதியவர்களுக்கு இந்த ஒரு வண்டியைத் தெரியாது. அன்று ஹேண்டில் பாரில் இருந்தது ஒரே ஒருவருடைய கை. அந்த ஒருவர் நான்கு வருடமாக இதே வண்டியில் இதே பிரேக்கை நம்பி ஞாயிற்றுக்கிழமை தோறும் போய் வந்திருக்கிறார். தானாக இறுகுகிற பிரேக்கை எவராவது அப்படி நம்புவாரா?

திரும்பும் வழியில் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. மணிக்கட்டு போனதிலிருந்து அக்காவால் ஈரத்துணி பிழிய முடியாது. நான்கு வருடமாக, வேலைக்குக் கிளம்புமுன், வாளி வாளியாகப் பிழிந்து கொடுப்பது மாமாதான். ஒரு நாள் தவறியதில்லை. "எந்த ஆம்பள செய்வான்?" என்று அக்கா தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்படுவாள். இவளும் பெருமைப்பட்டதுண்டு. இப்போது அந்த வாளியைக்கூட, பாசமா பரிகாரமா என்று, சந்தேகமாகத்தான் பார்க்க முடிந்தது.

ஷெட்டுக்கு வந்து வண்டியை நிறுத்தினாள். கடைக்காரர் கடைக்குள் போய்விட்டிருந்தார். மாமா மட்டும் தார்ப்பாய்ச் சுருள்மேல் உட்கார்ந்திருந்தார். அவள் இறங்கியதும், பழக்கதோஷமோ என்னவோ, எழுந்து வந்து ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு தட்டைக் கல்லை நகர்த்தி வைத்தார்.

அவள் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் கைபேசி அடித்தது. அக்கா.

"என்னடி ஆச்சு? வண்டி எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு. அதான் மாமாகிட்ட..."

"நீ சொல்லாத. உனக்கு ஆசை வந்துட்டா கண்ணு தெரியாது. அவரு என்ன சொல்றாரு? மலை ரோடு, தனியா போவப் போற. அவரு வாயால நல்லா இருக்குன்னு சொல்லட்டும், வாங்கிக்கோ. அவரு வேணாம்னா விட்டுட்டு வந்துடு, வேலை போனா போகுது. எனக்கு ஒரு கை போனது போதும்."

அவள் கைபேசியின் வாயை உள்ளங்கையால் இறுகப் பொத்திக்கொண்டாள். மாமா அவளைப் பார்க்கவில்லை. அவர் வலது கை, தன்னை அறியாமல், வண்டியின் பிரேக் லீவர் மேல் போய் உட்கார்ந்திருந்தது.

"மாமா, அக்காகிட்ட என்ன சொல்றதுன்னு அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல எனக்கு மட்டும் சொல்லுங்க. நான் இதுமேல உக்காந்து மலை ஏறப் போறவ. அன்னைக்கு இறுகினது பிரேக்கா, உங்க கையா?"

லீவரின் மேல் இருந்த விரல்கள் அசையவில்லை. வெயில் ஷெட்டின் பாதி வரைக்கும் வந்துவிட்டது. அவள் உள்ளங்கைக்குள்ளிருந்து அக்காவின் குரல், பூச்சி சத்தம் மாதிரி சின்னதாக, விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஏய், லைன்ல இருக்கியா? பக்கத்துல தானே நிக்கிறாரு, அவரு என்னதான்டி சொல்றாரு?"